வெளுக்காத இடம்

ஆயுத பூஜைக்காக லேபைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தபோது, பின்னறை உடைசல்களுக்கு நடுவிலிருந்து அந்த நீலப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வெளியே போட்டேன், அண்ணே. கவுண்டரில் பேர் எழுதிக்கொண்டிருந்த சுகன்யா உட்கார்ந்திருந்த நாற்காலி. அதன் முதுகின் மேல்விளிம்பும் கைப்பிடிகளின் நுனியும் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துப்போயிருக்கின்றன. தொட்டால் மாவாக உதிர்கிறது. உட்காரும் இடமும் முதுகு சாயும் இடமும் மட்டும் கடையில் வாங்கிய அன்று இருந்த நீலத்திலேயே இருக்கின்றன. அவள் உடம்பு மறைத்த இடம் அது. நாற்காலியின் மேல் விழ வேண்டியதை அந்தப் பெண் தன்மேல் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

"இதக் காயலான் கடையில போட்ருவோமா?" என்று அண்ணி கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை. செத்துப்போனவரைப் பற்றி நல்லதை மட்டும்தான் பேச வேண்டுமாம். உன் படத்துக்கு மாலை போடுகிறவர்கள் அப்படியே பேசட்டும். தங்கச்சி என்னை லேப் டெக்னீசியன் படிக்க வைத்தவன் நீ. அதனால்தானோ என்னவோ, உன் மேல் இருக்கும் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கொரோனா ஓய்ந்து ஜனங்கள் மாஸ்க்கைக் கழற்றிய சமயத்தில் அந்த விளக்குகளை வாங்கி வந்தாய். கிருமியைக் கொல்லும் புற ஊதாக் குழல்கள். காரணம் நியாயமானதுதான். நம் லேபில் ஜனங்கள் காத்திருக்கும் அறை ஒரு பஸ் அகலம்கூட இல்லை. ஏசிக்காகக் கண்ணாடிக் கதவு எந்நேரமும் மூடியே இருக்கும். காசநோய்க்குச் சளி கொடுக்க வந்து இருமுகிறவரும், சுகர் டெஸ்டுக்கு வந்த கர்ப்பிணியும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். அந்தக் காற்றில் இருப்பதைக் கொல்ல ஏதாவது வேண்டும் என்பதில் நமக்குள் சண்டையே இல்லை.

எங்கே மாட்டுவது என்பதில்தான் சண்டை. ஆள் இருக்கிற இடமென்றால் தலைக்கு மேலே நல்ல உயரத்தில், மூடி போட்டு, வெளிச்சம் கூரைப் பக்கம் மட்டும் போகிற மாதிரி மாட்ட வேண்டும், நேராக உடம்பில் பட்டால் கண்ணும் தோலும் வெந்துபோகும் என்று சொன்னேன். நீ கவுண்டருக்கு நேர் எதிரே, சாதாரண ட்யூப்லைட் போலச் சுவரில் மாட்டினாய்.

"மூடி போட்டா யாருக்குத் தெரியும்? நீல வெளிச்சத்தப் பாத்துத்தான் சனம் நம்மகிட்ட வருது. ஒனக்கு எல்லாத்துக்கும் பயம்" என்று சிரித்தாய்.

வந்தார்கள், உண்மைதான். திருச்சி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு நேராக நம்மிடம் வந்தார்கள். வந்தவர்களில் சிலருக்கு அன்று சாயங்காலமே கண் சிவந்தது. "மண்ண அள்ளிப் போட்ட மாதிரி உறுத்துதுங்க" என்று மறுநாள் வந்து நின்றார்கள். மெட்ராஸ் ஐ சீசன் என்று நீயே முடிவுகட்டினாய். கிருமி சுற்றுகிறது என்று சொல்லி இன்னொரு குழலையும் வாங்கி மாட்டினாய். கண்கள் இன்னும் சிவந்தன. உனக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. "கையச் சுத்தமா கழுவுறவனுக்கு வராது" என்று பெருமை வேறு. பவர் கண்ணாடி போட்டிருந்தாய், அதனால் தப்பித்தாய். அவ்வளவுதான்.

சுகன்யா குளத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோனாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்த வெளிச்சத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்திதான். லீவு போட்டால் கண் தெளியும். வேலைக்கு வந்தால் மறுபடி சிவக்கும். அதைப் பார்த்து உனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? பெஞ்ச் நிறைய ஆட்கள் இருக்கும்போது, "இந்தப் புள்ளதான் வீட்லேருந்து கொண்டாந்து எல்லாத்துக்கும் ஒட்டிவிடுது. நாளையிலேருந்து வராத" என்றாய். நான் உள்ளேயிருந்து ஓடிவந்து தடுத்துப் பேசினேன். "நீ போயி ஒன் மைக்ராஸ்கோப்பப் பாரு" என்றாய். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் வீட்டில் அப்போது அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிறந்த குழந்தையைச் சுகன்யாவின் கையில் கொடுக்கவே இல்லையாம். லேப்காரரே சொன்ன பிறகு ஊர் நம்பாமல் என்ன செய்யும்?

அவள் போன பின்னும் கண்கள் சிவந்துகொண்டுதான் இருந்தன. ரத்தம் கொடுத்துவிட்டு உடனே போகிறவர்களுக்கு ஒன்றுமில்லை. சாப்பிட்ட பிறகு எடுக்கும் சுகருக்காக மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் வந்தது. ஒருவர் கண்ணிலும் பீளை இல்லை. மெட்ராஸ் ஐயில் பீளை கட்டாமல் இருக்குமா? உன்னிடம் வந்து சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு குழல்களையும் நீயே கழற்றினாய். கேட்டவர்களிடம் ரிப்பேர் என்றாய். உனக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது.

"சுகன்யா வீட்டுக்குப் போயி, ஒன் மேல தப்பில்லம்மான்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாண்ணே" என்றேன்.

"போன புள்ள போயிருச்சு. இப்பப் போயி இதச் சொன்னா லேபு பேரு என்னாகும்?"

நான் விடாமல் கேட்டேன். நீ விடாமல் மழுப்பினாய். ஒருநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாய். எந்தச் சண்டையிலும் தோற்காதவன் இதிலும் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொண்டாய்.

இப்போது விளக்கு மறுபடி இருக்கிறது. எட்டிக் கை தூக்கினாலும் தொட முடியாத உயரம். முன்பக்கம் தகடுகள் அடுக்கி மறைத்திருப்பதால் ஒளி கூரையை ஒட்டியே ஓடுகிறது. கூரையின் பளபளப்பான பெயின்ட்டில் பட்டு ஒளி திரும்பிக் கீழே வந்தது. அதைச் சுரண்டி வேறு பெயின்ட் அடித்தேன். கீழ்க்காற்றை மேலே தள்ள ஒரு ஃபேன். நிற்கிறவர் முகம், உட்கார்ந்தவர் முகம், கவுண்டர் என்று ஒவ்வோர் இடத்திலும் புற ஊதாவை அளக்கும் மீட்டரைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் கதவைத் திறந்தேன். லைட் எரிகிறதா என்றே சிலர் கேட்கிறார்கள். நீ இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய்.

குளத்தூருக்கும் போனேன். அக்கம்பக்கத்தார் கேட்கும்படியே நடந்ததைச் சொன்னேன். சுகன்யா நான் சொல்லி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் சொல்லச் சொன்னாரா?"

இல்லை என்றேன்.

"அன்னைக்கு அத்தன பேரு முன்னாடி சொன்னது அவருதானேக்கா. இப்ப நீங்க வந்து சொன்னா, தங்கச்சி ஏதோ பூசி மொழுகுதுன்னுதான் நெனப்பாங்க."

போன வாரம் அவள் அம்மாவை சுகர் டெஸ்டுக்குக் கூட்டிவந்தாள். உள்ளே உட்காரச் சொன்னேன், இப்போது விளக்கு யாரையும் ஒன்றும் செய்யாது என்றேன். அவள் ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். நம்பினாள் என்றே நினைக்கிறேன், அம்மாவைப் பெஞ்சில் உட்கார வைத்தாளே. அவள் மட்டும் வெளியே போனாள்.

"நான் இங்கிட்டே நிக்கிறேன்க்கா. என்னயப் பாத்து யாராச்சும் எந்திரிச்சுப் போனா ஒங்களுக்குத்தான் சங்கடம்."

இரண்டாவது ரத்தம் எடுக்கும்வரை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெயிலிலேயே நின்றாள்.

நீ சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தையை இன்னும் நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். என் வாயால் சொன்னால் செல்லுபடியாகவில்லை. அதனால் இன்று நாற்காலியைக் கழுவிக் கொண்டுவந்து முன்னறையில், உன் படத்துக்கு நேர் கீழே போட்டிருக்கிறேன். அண்ணி முகம் சுளித்தார். நாளை பூஜைக்குத் தெருவே வந்து பொரி வாங்கிப்போகும். இது ஏன் இப்படி வெளுத்திருக்கிறது என்று யாராவது கேட்பார்கள். கேட்கிற ஒவ்வொருவருக்கும் உன் படத்தைக் காட்டித்தான் பதில் சொல்லப்போகிறேன்.

லேபு பேரு என்னாகும் என்று கேட்டாய். என்ன ஆனாலும் ஆகட்டும், அண்ணே.