சம்பந்தி கொண்டுவந்த டேப் டிரைவ்

அன்பு மகன் தாலாய்க்கு, பிஷ்கெக்கிலிருந்து அத்தா எசென்கெல்டி சொல்லச் சொல்ல உன் தங்கை பெர்மெத் எழுதும் கடிதம். வீட்டில் எல்லோரும் உடம்பும் மனதுமாக நன்றாக இருக்கிறோம். நீயும் அந்த நோவோசிபிர்ஸ்க் குளிரில் இருமல் சளி எதுவும் அண்டாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறோம், வேறுவிதமாக இருந்தால் மறைக்காமல் எழுது. வாசல் பனியில் வழுக்கி என் வலது மணிக்கட்டு உடைந்ததை அம்மா போன கடிதத்திலேயே எழுதியிருப்பாள், கட்டு இன்னும் பிரிக்கவில்லை, அதனால்தான் பெர்மெத்தின் கையெழுத்து. கம்ப்யூட்டரில் தட்டுவதற்கும் இப்போது அவள்தான் என் கை. குளிர்கால இறைச்சிக்குப் பெரியப்பா வீட்டிலிருந்து குதிரையின் ஒரு தொடை வந்தது, அம்மா உப்புப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறாள். உன் அக்கா சைக்காலுக்குக் கம்மல் போட்டு நிச்சயம் செய்தாகிவிட்டது, சம்பந்தி ஷார்ஷெனின் மனைவியே வந்து தன் கையால் இரண்டு காதிலும் மாட்டிவிட்டுப் போனார். பனி உருகியதும் கல்யாணம், நீ இப்போதே விடுப்புக்குச் சொல்லி வை.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வுக்கூடத்தை மூடியபோது சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுத்த அந்த ஒர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர் இப்போது பாதி வேலையில் நின்றுவிடுகிறது. ஹார்ட் டிஸ்க்கில் சில இடங்கள் கெட்டுவிட்டன, உள்ளே இருப்பதை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு டிஸ்க்கை முழுதாகத் துடைத்துத் திரும்ப நிரப்பினால் இன்னும் சில வருடம் ஓடும் என்கிறார்கள். கணவாய்ச் சாலையில் பனிச்சரிவு எந்தெந்த வழியில் இறங்கும் என்று நான் நடந்து நடந்து வரைந்த வரைபடங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. தாள்கள் ஆய்வுக்கூடத்து நிலவறையில் குழாய் வெடித்துக் கூழாகிப் போனது உனக்குத் தெரியும். மார்ச்சில் சாலைத் துறைக்காரர்கள் அவற்றைக் கேட்கிறார்கள், பனி தள்ளும் வண்டிக்காரன் எந்த வளைவில் வண்டியை நிறுத்தலாம், எதில் நிறுத்தக் கூடாது என்பது அதைப் பார்த்துத்தான். ஆகவே டிஸ்க்கில் இருப்பதைக் காந்த நாடாவில் ஏற்றி வைக்க, நம் சக்திக்கு எட்டிய விலையில் ஒரு டேப் டிரைவ் தேடினேன். பெரிய தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட கம்பெனிக்குப் போனேன், பையன் கேட்காமலே தேநீர் கொடுத்தான், அப்போதே எனக்குச் சந்தேகம், விலையைச் சொன்னதும் சந்தேகம் தீர்ந்தது. கன்டெய்னர் சந்தையில் ஒருத்தி புதுசு என்று ஒன்றை நீட்டினாள். பிரித்துப் பார்த்து, ஏம்மா பெட்டி புதுசு, உள்ள தூசி மட்டும் பழசா இருக்கே என்றேன். தூசியும் துபாய்லேர்ந்துதான் அண்ணே வருது, அதுக்குத் தனியா காசு வாங்கலையே என்கிறாள். பெட்டியில் எட்டு ஜிகாபைட் என்று போட்டிருந்தது, அமுக்கி ஏற்றினால்தான் எட்டு, இல்லாவிட்டால் நாலுதான் கொள்ளும் என்று நீ எழுதியது நினைவு வந்து, எட்டுன்னா நாலுதானே என்று கேட்டேன், பெட்டியைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டாள். பழைய சிநேகிதன் ஒருவன் பிளாப்பி கேபிளில் மாட்டும் மலிவான ஒன்றைக் காட்டி உன் மெஷினுக்கும் இது ஓடும் என்று ரொட்டியின் மேல் சத்தியம் செய்தான். நிறைய ஊசி வைத்த அகலமான கேபிளில் மாட்டுவதைத் தவிர வேறு எதையும் நம் ஒர்க்ஸ்டேஷன் திரும்பிக்கூடப் பார்க்காது என்று நீ எழுதியிருந்தாய், அதனால் தப்பித்தேன். இந்த ஊரில் இன்றைக்கு யாரையும் நம்பி ஒரு திருகாணிகூட வாங்க முடியாது. கடைசியில் சம்பந்தி ஷார்ஷென் கேள்விப்பட்டுத் தன் அச்சகத்தில் இருந்த டிரைவைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார், பணம் கிடைக்கும்போது கொடுங்கள் போதும் என்றார். அவரே உட்கார்ந்து ஒரே டேப்பில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அவரும் வருகிறார், டிஸ்க்கைத் துடைக்கப் போகிறோம்.

அண்ணா, இந்த இடத்திலிருந்து எழுதுவது பெர்மெத்தாகிய நானே. அத்தா மத்தியானம் சொல்லி முடித்துவிட்டார், முடிவை வேறு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், நடுவில் இந்தத் தாள்களை நான் செருகுகிறேன். எல்லோரும் தூங்குகிறார்கள். மின்சாரம் இல்லை, சமையலறையில் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன், அத்தா இருமும்போதெல்லாம் ஊதி அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து கோணியிருந்தால் அதுதான் காரணம்.

சம்பந்தி வந்த அன்று அக்கா மாமனார் முன்னால் வரக் கூடாது என்று சமையலறையிலேயே இருந்தாள். தேநீர் ஊற்ற நான்தான் போனேன், தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவர் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருந்ததால் திரை எனக்கு நேராகத் தெரிந்தது. பக்கத்து வீட்டு அபால் அக்கா, புதுப் பொருள் வீட்டுக்கு வந்திருக்கு, சும்மா பார்த்துட்டுப் போகலாமா என்று டிரைவின் மேல் கைநிறைய மிட்டாயை இறைத்து, விளங்கட்டும் விளங்கட்டும் என்றார். அத்தா அதன் அடிப்பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அங்கே ஒட்டியிருந்த சீட்டை யாரோ நகத்தால் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். சந்தைக்காரியிடம் தூசியைக்கூடக் கேள்வி கேட்ட அத்தா இவரிடம் எத்தனை கொள்ளும் என்றுகூடக் கேட்கவில்லை. அம்மாதான் மெதுவாக, ஒரே டேப் போதுமா அண்ணா என்று கேட்டார். அதற்குச் சம்பந்தி சிரித்து, உங்க மலையையே தூக்கி உள்ள போட்டாலும் இடம் மிச்சம் இருக்கும் தங்கச்சி, அது எட்டாக்கும் என்றார்.

டேப் வெகுநேரம் சுற்றியது. இறைச்சி தின்று முடித்து இரண்டாவது முறை தேநீர் ஊற்றும்போது நின்றது. திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. அத்தாவும் சம்பந்தியும் பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் படித்தவர்கள், எங்களுக்குத்தான் இங்கிலீஷ். டேப் நிறைந்துவிட்டது, இரண்டாவது டேப்பைப் போடு என்று இருந்தது அண்ணா. நிறைந்தது, இரண்டாவது, இந்த இரண்டு சொல்லும் ஆறாம் வகுப்பிலேயே எங்களுக்கு வந்துவிட்டன, நான் தப்பாகப் படிக்கவில்லை. என்ன சம்பந்தி சொல்லுது, ஜெர்மன்ல கேட்டா நான் பதில் சொல்லிடுவேன் என்று அத்தா சிரித்தார். சம்பந்தி அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆச்சு, நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொல்லுது என்று சொல்லிவிட்டு ஒரு பட்டனைத் தட்டினார், வரி மறைந்தது. பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். உங்க சின்ன மக இங்கிலீஷ் நல்லாப் படிக்குதோ என்று கேட்டார். நான் ஊற்றிய தேநீர் கோப்பையைத் தாண்டித் தட்டில் சிந்தியது. அத்தா, படிக்குது படிக்குது, கோப்பையை ஒழுங்காப் பிடிக்கத்தான் இன்னும் படிக்கலை என்றார், எல்லோரும் சிரித்தார்கள்.

அவருக்குத் தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். தெரியாது என்றால் ஏன் என்னைப் பார்த்துக் கேட்டார்? தெரியும் என்றால், மலையையே போடலாம் என்று எல்லோர் முன்னாலும் சொன்ன பிறகு பாதிதான் கொண்டது என்று சொல்ல வெட்கமாக இருந்திருக்கும். அவர் அச்சகத்தில் வெறும் எழுத்துகளைத்தான் ஏற்றுவார்களாம், அது அமுங்கி உள்ளே போகும், அத்தாவின் வரைபடங்கள் அமுங்காதவை என்று நீதானே எழுதியிருந்தாய். ஒருவேளை நான்தான் நல்ல மனிதரைச் சந்தேகப்படுகிறேனோ என்று பயமாகவும் இருக்கிறது. அதனால் அத்தா கட்டைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது டேப்பைப் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பெயர்களை மட்டும் வாசிக்கச் சொன்னேன், அந்தக் கட்டளையை அத்தாதான் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார். சாலையின் அடிவாரத்திலிருந்து வரைபடங்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. சுரங்கப்பாதை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. சுரங்கத்துக்கு அப்பால் ஒரு வரைபடமும் இல்லை. அங்கேதான் பெரிய சரிவுகள் எல்லாம் இருக்கின்றன என்று அத்தா எப்போதும் சொல்வார்.

அத்தாவிடம் சொல்லிப் பார்த்தேன் அண்ணா. சொல்லவில்லை என்று நினைக்காதே. டேப்பை ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு டிஸ்க்கைத் துடைக்கலாமே என்றுதான் ஆரம்பித்தேன். அத்தாவின் முகம் மாறிவிட்டது. சந்தைக் குதிரையா வாங்கினோம், வாயைத் திறந்து பல்லைப் பார்க்க? மிட்டாய் இறைச்ச பொருளைச் சோதிச்சேன்னு அவர் காதுக்குப் போனா என் மூஞ்சியை எங்க கொண்டு வைக்கிறது, பெரியவங்க வார்த்தையை எடை போட யாரு உனக்குத் தராசு கொடுத்தா என்றார். அக்காவிடம் போனேன். அவள் என்னைக் கிள்ளி, சும்மா இருடி, என் காதுல இருக்கிற கம்மலை நீயே கழட்டிடுவே போலிருக்கு என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். அம்மாவிடம் சொன்னால் அம்மா அத்தாவிடம் சொல்வார், பிறகு இரண்டு பேருக்கும் சண்டை. உனக்கு டெலிபோன் செய்யலாம் என்றால் அபால் அக்கா வீட்டில்தான் செய்ய வேண்டும், அவர் பக்கத்திலேயே நின்று கேட்பார், சாயங்காலத்துக்குள் சம்பந்தி வீடு வரைக்கும் போய்விடும்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். நீ என்ன பதில் எழுதினாலும் பாதி வரைபடங்கள் இருக்காது. அதனால் நான் ஒன்று செய்துவிட்டேன். நாளைக் காலை ரயில் கண்டக்டரிடம் கொடுக்கிற பார்சலைத் துணியில் வைத்துத் தைக்கிற வேலை என்னுடையது. உலர்ந்த தயிர் உருண்டைகளுக்குக் கீழே அம்மா பின்னிய சாம்பல் நிறக் காலுறை இருக்கும், அதன் இடது கால் விரல் பக்கம் கையை விட்டுப் பார். டேப் அங்கே இருக்கிறது, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. இது இல்லாமல் அத்தா டிஸ்க்கைத் துடைக்க மாட்டார். சம்பந்தியிடமும் வேறு டேப் இல்லை, அல்மாட்டியிலிருந்து யாரோ கொண்டுவந்தால்தான் உண்டு என்று அவரே சொன்னார். உங்கள் கல்லூரியில் உள்ள டிரைவில் போட்டுப் பார். எல்லாம் இருந்தால் நான் முட்டாள், உடனே திருப்பி அனுப்பு, வரும் அடியை நான் வாங்கிக்கொள்கிறேன். நான் பார்த்தது சரி என்றால் இதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் எழுதாதே, உன் கடிதத்தை அத்தா எல்லோரையும் உட்கார வைத்துச் சத்தமாகப் படிப்பார், சம்பந்தியும் அங்கே இருப்பார். நீயே டெலிபோன் செய்து, உன் பேராசிரியர் சொன்னதாக, எவ்வளவு நல்ல டிரைவாக இருந்தாலும் இரண்டு டேப்பில் ஏற்றிப் பெயர்களை வாசித்துப் பார்த்த பிறகே துடைக்க வேண்டும் என்று அத்தாவிடம் சொல். சம்பந்தியின் பெயரை எடுக்காதே. அவர் நல்லவராகவே இருந்துவிட்டுப் போகட்டும், அக்கா அந்த வீட்டில் வாழ வேண்டும். நீ சொன்னால் அத்தா கேட்பார், நீ தூரத்தில் இருக்கிறாய்.

நாளைக்கு ரயில் போனதும் அத்தா டேப்பைத் தேட ஆரம்பிப்பார். நானும் கூடவே தேடுவேன், கட்டிலுக்கு அடியில் எல்லாம் குனிந்து பார்ப்பேன். யார் மேல் சந்தேகம் வரும் என்று தெரியவில்லை. அக்கா மேல் வந்தால் உண்மையைச் சொல்லிவிடுவேன், அதுவரை சொல்ல மாட்டேன். மெழுகு தீர்ந்துகொண்டிருக்கிறது. இனி அத்தா சொன்ன முடிவு, அவர் சொன்னபடியே.

ஆகவே மகனே, ஞாயிற்றுக்கிழமையோடு என் மனதில் இருந்த பாரம் இறங்கிவிடும். இந்தக் காலத்தில் நம்பிக் கைநீட்ட ஒரு மனிதர் கிடைத்தாரே என்று சம்பந்திக்கு உன் கையால் நாலு வரி நன்றி எழுது, தனித் தாளில் எழுது, அவருக்குப் படித்துக் காட்டுவேன். காலுறையை வந்த அன்றே போட்டுக்கொள், பெட்டியில் வைத்துப் பூட்டாதே. தொப்பி இல்லாமல் வெளியே போகாதே. உன் பாதை வெண்மையாக இருக்கட்டும், நோயும் பகையும் உன் வாசலைத் தெரிந்துகொள்ளாமல் போகட்டும், முன்னோர்களின் துணை உன்னைச் சுற்றி நிற்கட்டும்.

உன் அத்தா எசென்கெல்டி,
அம்மா, அக்கா சைக்கால்.
எழுதியவள் பெர்மெத்.