ஒன்றும் கேட்காமல் திறந்துகொண்ட கம்ப்யூட்டர்

அன்புள்ள குமரா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். மூக்கருகே விரல் வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்து வந்தேன். நீ போனதிலிருந்து எனக்கு இந்தப் பழக்கம். யார் தூங்கினாலும் பயமாக இருக்கிறதுடா.

உன் கம்ப்யூட்டரை இன்று மாற்றிவிட்டோம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கல்பாக்கத்தில் வேலை முடிந்து வண்டியில் கிளம்பிய நீ வீடு வந்து சேரவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மா ஒன்று செய்ய ஆரம்பித்தாள், தெரியுமா? சாயந்திரம் விளக்கேற்றியதும் உன் அறைக்குப் போய் கம்ப்யூட்டரைப் போடுவாள். உன் படம் வரும். அடியில் உன் பெயர். அதற்கும் கீழே பாஸ்வேர்டு கேட்கும் கட்டம். எதிரே உட்கார்ந்துகொள்வாள். உன் நெற்றி வருகிற இடத்தில் குங்குமம் வைத்து வைத்துத் திரையில் கறையே பிடித்துவிட்டது.

"படம்தானேம்மா, பெருசா பிரிண்ட் போட்டுத் தரேன்" என்றேன் ஒருநாள்.

"படம் சும்மா பாத்துகினு இருக்கும்டி. இதுல அவன் என்னமோ கேக்குறான். நமக்குத்தான் சொல்லத் தெரியல."

அதைக் கேட்ட பிறகு அந்த அறையைத் தனியாகக் கடக்க எனக்குக் கால் வரவில்லை. பாப்பா வேறு போய் ஏதேதோ தட்டுவாள். தவறு என்று வரும். "மாமா இல்லேன்றாரு!" என்று சிரிப்பாள். குழந்தை இப்படியா வளர வேண்டும்?

பாப்பாவின் அப்பா சம்பளம் மட்டும் போதவில்லை. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை ஒன்று எனக்குக் கிடைத்தது. கம்ப்யூட்டர் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். கூடுவாஞ்சேரியிலிருந்து உன் நண்பன் சதீஷைக் கூப்பிட்டேன். பழைய விண்டோஸை எடுத்துவிட்டு, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸைப் போட்டால் இந்தக் கிழட்டு மெஷின் இன்னும் சில வருஷம் ஓடும் என்றான். திரையைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"இன்னாக்கா இது, மானிட்டருக்குப் பொட்டு வெச்சிகீறீங்க? அவன் பாத்தா என்னியத்தான் ஓட்டுவான்."

சொன்ன பிறகு அவனுக்கே சிரிப்பு நின்றுபோனது.

பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி, உன் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே போய், உன் போட்டோக்கள், பாட்டுகள் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்தான். "ஒண்ணும் போவாதுக்கா. அந்த மொத ஸ்கிரீன் மட்டும்தான் வராது" என்றான் மெதுவாக.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எம்புள்ள கேட்டுகினே கீறான். பதில் சொல்லாம அழிக்கிறீங்களேடா."

பிறகு கதவை விட்டுவிட்டு அவளே, "சரி, வயித்துப் பாட்டுக்குத்தானே கேக்குற. போடு" என்றாள். டிஸ்க்கை முழுக்க அழிக்கலாமா என்று திரை கேட்ட இடத்தில் சதீஷ் கையை எடுத்துக்கொண்டான். நான்தான் அழுத்தினேன்.

புதிதிலும் உன் பெயரையே கொடுத்தோம். உன் படத்தையும் வைத்தோம். சதீஷ் போன பிறகு அம்மா விளக்கேற்றிவிட்டு வந்து பொத்தானை அழுத்தினாள். உன் படம் வரவில்லை. நேராக ஒரு நீலத் திரை திறந்துகொண்டது. அம்மாவுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று, பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே போகும்படி வைத்திருக்கிறான். நல்ல மனசோடு செய்ததுதான்.

அம்மா குங்குமச் சிமிழோடு அப்படியே நின்றாள்.

"இன்னாடி, இவன் ஒண்ணுமே கேக்கலியே?"

அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். கொளவாய் ஏரிப் பக்கமிருந்து காற்று வருகிறது. மெஷினை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். ஆனாலும் உன் அறையில் அதன் ஃபேன் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. போய்ப் பார்க்கத் தைரியமில்லை. பார்த்து, ஓடவில்லை என்றாலும் தாங்க முடியாது.

நாளைக்கே சதீஷிடம் கேட்டு, மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கிற மாதிரி மாற்றிவிடுகிறேன். உன் படத்தோடுதான் திறக்கும். அம்மாவின் விரலைப் பிடித்து எழுத்து எழுத்தாகத் தட்டச் சொல்லித் தருவேன். இனிமேல் நீ கேட்டால் அவள் பதில் சொல்வாள். இது சத்தியம்.

என்ன வார்த்தை வைக்கட்டும்? சீக்கிரம் பதில் போடு.

உன் அக்கா,
பாப்பாவின் அம்மா