முனி வளைவில் நின்ற பச்சைக் கார்

என் கோணக்கால் அப்பாவுக்கு,

செத்துப் போனவரிடம் சுகம் விசாரிப்பது எனக்குப் பழக்கமில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கார் திரும்பி வந்தது அப்பா. அந்தப் பச்சைக் காரேதான். உங்கள் வலது பாதத்தைச் சப்பையாக்கிவிட்டு, பதிலுக்கு ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்ததே, அந்தக் கார். ஹல்துமுல்லையைத் தாண்டி மேலே ஏறி வந்து நம் தோட்டத்து முனி வளைவில் நின்றது. தானாக நிற்கவில்லை. நான் நிறுத்தினேன்.

எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது. உயிரோடு இருந்தபோது திட்டுவதற்கு நீங்கள் இடம் கொடுத்ததில்லை. நான் வாயைத் திறந்தால் வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவீர்கள். இப்போது எங்கே போவீர்கள்? கேளுங்கள்.

தோட்டங்களை அரசாங்கம் எடுப்பதற்கு முந்தைய காலம். வெள்ளைக்காரத் துரைக்கும் விமானம் ஓட்டுகிற அவருடைய கூட்டாளிக்கும் கிளப்பில் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பந்தயம். கொழும்பிலிருந்து சின்ன விமானம் கிளம்பும். அதே நேரத்தில் பெலிஹுல்ஓயா பாலத்தடியிலிருந்து துரையின் கார் கிளம்பும். தியத்தலாவை மைதானத்துக்கு முதலில் வருகிறவர் ஜெயித்தவர். கார் அப்போதே கிழட்டுக் கார். ஏற்றத்தில் திணறும், பின்னால் உருளும். அதனால் புட்போர்டில் ஓர் ஆள் மரக்கட்டையோடு தொற்றிக்கொண்டு போக வேண்டும். கார் உருளும்போது குதித்துச் சில்லுக்குப் பின்னால் கட்டையைப் போட வேண்டும். அந்த ஆள் நீங்கள். அரைக்கால் சட்டை, தலைப்பாகை, வெறுங்கால்.

முனி வளைவில் கார் திணறியது. நீங்கள் குதித்துக் கட்டையை வைத்தீர்கள். அந்த நேரம் பார்த்து மேலே விமானச் சத்தம். துரை அண்ணாந்து பார்த்தார், பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டார். சில்லு கட்டையைத் தள்ளிக்கொண்டு உங்கள் பாதத்தில் ஏறியது. பிறகு இன்ஜின் பிடித்துக்கொண்டது, கார் முன்னால் நகர்ந்தது, அப்படியே போய்விட்டது. கொழுந்து லொறி வரும்வரைக்கும் நீங்கள் முனி கோயிலடியில் கிடந்தீர்கள். துரை ஜெயித்தார். பிஸ்கட் டின் ஆஸ்பத்திரிக்கு வந்தது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னதே நீங்கள்தான். ஏதோ கல்யாணத்துக்குப் போய்வந்த மாதிரி சிரித்துக்கொண்டு சொல்வீர்கள். சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் ஒன்று சேர்ப்பீர்களே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"தொரைய சொல்லிக் குத்தமில்ல புள்ள. முனிகிட்ட நிக்காம போனோம்ல? அவரு கால எடுத்துக்கிட்டாரு."

அந்த வளைவில் எந்த வண்டியும் நிற்காமல் போகாது. பஸ் நிற்கும், மரக்கறி லொறி நிற்கும், சிங்கள டிரைவர்கள்கூட இறங்கி உண்டியலில் காசு போட்டு, திருநீறு எடுத்து ஸ்டியரிங்கில் பூசிக்கொண்டு போவார்கள். துரை நிற்கவில்லை. சரி. ஆனால் அதற்கு உங்கள் கால் எதற்கு அப்பா? ஸ்டியரிங் யார் கையில் இருந்தது? முனிக்குக் கோபம் வந்தால் ஓட்டினவன் காலையல்லவா பிடித்திருப்பார்? ஒரு நாளாவது இதை யோசித்தீர்களா? வருஷா வருஷம் நொண்டிக்கொண்டே ஏறிப் போய்ச் சேவல் அறுத்து மன்னிப்புக் கேட்டீர்கள். இரண்டு கால்களோடும் ஊர்போய்ச் சேர்ந்த மனுஷனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாவம் அந்த முனி, செய்யாத குற்றத்துக்கு உங்களிடம் பேர் கெட்டார்.

இப்போது கதைக்கு வருகிறேன். நான் இன்னும் பிள்ளைக் காம்பராவில்தான் இருக்கிறேன். தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனால் அவர்களுடைய பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற அதே வேலை. கூரைத் தகரம் நீங்கள் இருந்தபோதே ஓட்டை. இப்போது மழை வந்தால் தொட்டிலை இழுத்துக்கொண்டு மூலை மூலையாக ஓடுகிறேன்.

ஒரு நாள் நம் தோட்டத்து மேனேஜர் துரையோடு கொழும்பிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். பழைய கார்களைச் சேர்த்து வைக்கிற பெரிய மனிதர்களுடைய சங்கமாம். அந்தப் பழைய பந்தயத்தை அதே பச்சைக் காரை வைத்துத் திரும்ப நடத்தப் போகிறார்களாம், தர்மத்துக்காக. கிடைக்கிற பணத்தில் பிள்ளைக் காம்பராவுக்குப் புதுக்கூரை. எனக்கு வாயெல்லாம் பல். தேநீர்கூட ஊற்றிக் கொடுத்தேன். அதைக் குடித்துக்கொண்டே போனில் ஒரு படத்தைக் காட்டினாள். பந்தயத்துக்காக அச்சடித்த நோட்டீஸ். 'துணிச்சல்காரத் துரையும் அவருடைய விசுவாசமான பையனும்.' அவ்வளவுதான். பையனுக்குப் பேர் இல்லை. கால் போன கதையும் இல்லை.

"ஆன்ட்டி, அந்தப் பையன்ட பேரன் உங்கட மகன்தானாமே? அவர் புட்போர்டில நின்டா எவ்வளவு நல்லா இருக்கும்! அரைக் களிசான், தலப்பா எல்லாம் நாங்களே தருவம். சப்பாத்து மட்டும் வேணாம். அந்தக் காலத்து மாதிரியே இருக்கோணும்."

"தொரை மாதிரி ஓட்டுறவரு சப்பாத்து போடுவாருங்களா?"

"அவர் போடத்தானே வேணும் ஆன்ட்டி."

"அப்ப எம் மகனுக்கு மட்டும் ஏன் வேணாம்?"

அவள் சிரித்தாள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். மேனேஜர் துரை சிரிக்கவில்லை. "சரோஜா, கூரைய நெனச்சுக்க" என்றார்.

அப்பா, எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. கார் ஓடட்டும், விமானம் பறக்கட்டும், குடித்துக் கூத்தடிக்கட்டும். என் பிள்ளை அந்தப் புட்போர்டில் வெறுங்காலோடு நிற்கக் கூடாது. அது ஒன்றுதான்.

நிரோஷன் இப்போது எல்ல டவுனில் த்ரீவீல் ஓட்டுகிறான். வெள்ளைக்காரர்களைப் பாலம் பார்க்கக் கூட்டிப் போகிறான், நன்றாக உடுத்துகிறான். அவன் முடியாது என்பான் என்று நினைத்தேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"ஒரு நாள் நிக்கிறதுக்கு என்னாம்மா? புள்ளைக நனையுதுனு நீதான பொலம்புன. காருக்குப் புது பிரேக் போட்டிருக்காங்களாம்."

"ஒந்தாத்தாவும் பிரேக்க நம்பித்தான்டா குதிச்சாரு."

"அது முனி பண்ணுனதுன்னு தாத்தாவே சொல்லுவாரே."

பார்த்தீர்களா? நீங்கள் சொல்லிக் கொடுத்ததை உங்கள் பேரன் எனக்கே திருப்பிச் சொல்கிறான்! அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவன் என் தட்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தான், கழுதை.

பந்தயத்தன்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டிலேயே சொல்லிவிட்டார்கள், ரோட்டோரம் நின்று கொடி ஆட்டுகிறவர்களுக்குப் பேர் போடுவோம் என்று. கொடியாட்டினால் அன்றைக்கு வேலை செய்த கணக்கு. பெண்கள் எல்லாரும் கொழுந்துக் கூடையை வைத்துவிட்டு வளைவில் போய் வரிசையாக நின்றார்கள். நானும் போனேன். என் கையில் கொடி இல்லை. ஒரு தட்டு, கற்பூரம், தேங்காய், ஒரு சிலிக் பை.

முதலில் விமானச் சத்தம்தான் வந்தது, பெரகலப் பக்கத்து மேகத்துக்குள்ளிருந்து. அப்புறம் கீழே காரின் ஹார்ன். மூடுபனியில் முதலில் தலைப்பாகைதான் தெரிந்தது எனக்கு. நீங்களே தொற்றிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. அரைக்கால் சட்டைக்குக் கீழே என் பிள்ளையின் கால்கள் குளிரில் நீலம் பாய்ந்து கிடந்தன.

கற்பூரத்தை ஏற்றினேன். நடு ரோட்டுக்குப் போய் நின்றேன்.

காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் சிங்களத்தில் கத்திக்கொண்டு ஓடி வந்தார். வந்தவர் தட்டைப் பார்த்தார், முனியைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார். அவரும் தினம் இந்த வளைவில் நின்று போகிறவர்தானே! கார் கிறீச்சென்று நின்றது. புது பிரேக் நல்ல பிரேக்தான், பொய் சொல்லக் கூடாது.

பின்னால் வந்த ஜீப்பிலிருந்து அந்தப் பெண் இறங்கி ஓடி வந்தாள். "ஐயோ ஆன்ட்டி, என்ன செய்றீங்க? பிளேன் போகுது!"

"போகட்டும் மிஸ். முனிகிட்ட நிக்காம இங்க எந்த வண்டியும் போறதில்ல. வேணும்னா பொலிஸ்காரரக் கேளுங்க. முந்தி இந்தக் காரு நிக்காம போயிதான் வெனையாச்சு."

கார்க்காரர் ஹார்னை அழுத்தினார். நான் அசையவில்லை. வரிசையில் நின்ற பெண்கள் கொடியை இறக்கிவிட்டு ஒவ்வொருத்தியாக என் பின்னால் வந்து நின்றார்கள். பொலிஸ்காரர் அவரிடம் போய்ப் பணிவாக ஏதோ சொன்னார். மனுஷன் முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கினார். தொப்பி, கையுறை, முழங்கால்வரை பளபளவென்று தோல் சப்பாத்து.

"அவரு சப்பாத்தோட சாமிகிட்ட வரக் கூடாதுனு சொல்லுங்க மிஸ்."

அந்தப் பெண் பொலிஸ்காரரைப் பார்த்தாள். பொலிஸ்காரர்தான் சொன்னார். கார்க்காரரின் சப்பாத்தைக் காட்டிவிட்டு, "ப்ளீஸ் சேர்" என்று கையை நீட்டினார். அந்தப் பெரிய மனிதர் காரின் புட்போர்டிலேயே உட்கார்ந்து, ஒரு சப்பாத்தை இழுத்துக் கழற்றினார். மற்றதையும் கழற்றினார். உள்ளங்கால் வெள்ளை வெளேரென்று இருந்தது, குளிர்ந்த தார் ரோட்டில் கால் வைத்ததும் துள்ளினார். பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேலே விமானம் தாண்டிப் போனது.

அவர் முனிக்கு முன்னால் வெறுங்காலோடு நின்றிருந்தார். நான் சிலிக் பையைத் திறந்து நிரோஷனின் சப்பாத்தை எடுத்தேன். அவன் எல்லவில் போட்டுக்கொண்டு திரிவானே, அதுதான்.

"மானத்த வாங்காதம்மா. படம் எடுக்கிறாங்க."

"எடுக்கட்டும். பேசாம கால நீட்டுடா."

நான் ரோட்டில் மண்டி போட்டேன். அவன் வலது காலைத்தான் முதலில் நீட்டினான். அந்தப் பாதத்தைக் கையில் பிடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அஞ்சு விரலும் நேராக இருந்தன. உங்களுக்குத் தைலம் தேய்க்கும்போது எந்த விரல் எங்கே இருக்கிறதென்று தேடித் தேடிப் பிடிப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? கயிற்றை இழுத்துக் கட்டினேன். மற்றக் காலைத் தானே நீட்டினான்.

எழுந்து அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "மிஸ், நோட்டீஸ்ல விசுவாசமான பையன்னு போட்டிருக்கீங்க. அவரு பேரு அழகமுத்து. இதே எடத்துல இந்தக் காரு அவரு கால்ல ஏறுச்சு. அந்தத் தொரை திரும்பிப் பாக்காம போயிட்டாரு. இத உங்க சேருக்கு இங்கிலீசுல சொல்லுங்க." சொன்னாள். அவர் உண்டியலில் ஒரு தாளைப் போட்டுவிட்டுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஏறினார். என் பக்கம் திரும்பவில்லை. துரைமார் திரும்ப மாட்டார்கள்.

விமானம்தான் ஜெயித்தது.

கூரை இன்னும் வரவில்லை அப்பா. வருமா, வராதா? மேனேஜர் துரையைக் கேட்டால் "ஒன்னாலதான் எல்லாம் கெட்டுச்சு" என்கிறார். அன்றைக்கு என் பின்னால் வந்து நின்றவளே போன கிழமை ஈரத் தொட்டில் துணியைப் பிழிந்துகொண்டு, "ஒங்க வீம்புக்கு எங்க புள்ளைக நனையணுமாக்கா?" என்று கேட்டாள். நானும் ஒரு துணியை எடுத்துப் பிழிந்தேன். நான் செய்தது தப்பா? நீங்களாக இருந்தால் வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பீர்கள்.

நிரோஷன் ஞாயிற்றுக்கிழமை வந்து கூரைமேல் ஏறி, தார்ப்பாய் இழுத்துக் கட்டிவிட்டுப் போனான். அந்தச் சப்பாத்தோடுதான் ஏறினான். இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா ஏம்மா அந்தத் தொரைய ஒண்ணும் கேக்கல?" என்றான். நீங்கள் இருந்த காலமெல்லாம் உங்கள் மடியில் கிடந்து அந்தக் கதையைக் கேட்டவன், இப்போதுதான் அதைக் கேட்கிறான்.

நேற்று முனி கோயிலுக்குப் போனேன். சேவல் கொண்டு போகவில்லை. இத்தனை வருஷம் எங்கப்பா உங்க மேல பழி போட்டுட்டாரு, மனசுல வச்சுக்காதீங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அப்பா. அந்தக் காலுக்காக இனி நம் வீட்டில் யாரும் முனியிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. உங்கள் பேரனுக்குப் பிள்ளைகள் பிறந்தால், அவர்களுக்கும் இந்தக் கதையைச் சொல்வேன். பச்சைக் கார், மரக்கட்டை, பிஸ்கட் டின், எல்லாம் நீங்கள் சொன்னபடியே சொல்வேன். கடைசியில் மட்டும் மாற்றிச் சொல்வேன்: தொரைய சொல்லித்தான் குத்தம்.

உங்கள் கோணக்காலுக்குக் கடைசிவரை தைலம் தேய்த்த,
உங்கள் வாயாடி மகள்
சரோஜா