செண்டுடுக் செடிகளுக்கு அடித்த மருந்து

ஜூலை 14, ஞாயிறு

கம்போங் குவாந்தான் ஆற்றோரத்தில் நாங்கள் சில தொண்டூழியர்கள் மூன்று வருடமாக வளர்த்த நாட்டுச் செடித் தோட்டம் இன்று காலை கருகிக் கிடந்தது. நடுவில் முனியாண்டி அண்ணன் சிரித்தபடி நின்றார். முப்பது வருடம் எஸ்டேட்டில் களைக்கு மருந்து அடித்தவர். போன வாரம் நான்தான் அவர் வீட்டுக்குப் போய், தோட்டத்துக்கு வந்து ஒத்தாசை செய்யும்படி கூப்பிட்டேன்.

"வியாழக்கிழமையே வந்து மருந்து அடிச்சிட்டேன்மா. செண்டுடுக் காடா மண்டிக் கெடந்துச்சு. பள்ளிக்கூடப் பிள்ளைங்க வராங்கன்னு சொன்னியே, பாம்பு கீம்பு இருந்தா பயம்லா."

அந்தச் செண்டுடுக்கின் ஊதாப் பூவைத்தான் பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்திருந்தோம். என்னோடு வந்த பரீதா திரும்பி நின்று அழுதாள்.

"அந்தப் பொண்ணு ஏம்மா அழுவுது?"

சொல்லிவிட்டேன். நாங்கள் நட்டு வளர்த்தது அதைத்தான் என்று.

அவர் சிரிப்பு போய்விட்டது. "எஸ்டேட்ல அதைக் கொல்லத்தானம்மா எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க" என்றார். பிறகு குனிந்து, கருகிய செடிகளை வெறுங்கையால் பிடுங்கத் தொடங்கினார். போதும் என்று எத்தனை முறை சொல்லியும் நிறுத்தவில்லை.

கூப்பிட்ட அன்றே அவரை அழைத்துப்போய் ஒரு செடியையாவது காட்டியிருக்கலாம். வேலைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.