சிவப்பு விதையும் நாற்பது வயிறும்

அன்பு மகள் இக்லாஸுக்கு, கெடாரிஃபிலிருந்து உன் சித்தப்பா பாபிகிர் எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நான், உன் சித்தி, கழுதை மூவரும் சுகம். கெய்ரோவில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க துஆ செய்கிறோம். நலம் விசாரித்தாயிற்று, இனி என் எரிச்சலைக் கேள்.

நிவாரணக்காரர்கள் வந்தார்கள். ஏழு மைல் வரிசை, அதில் நான்தான் முதல் ஆள் (உன் சித்தி வேறு மாதிரி சொல்வாள், நம்பாதே). ஒரு மூட்டை விதைச்சோளம் கொடுத்தார்கள், பூச்சிமருந்து பூசி ரத்தச் சிவப்பாக. விதைக்கத்தான், தின்றால் நேரே கபர்ஸ்தான் என்று மூட்டை கொடுத்த பெண்பிள்ளை மூன்று தடவை சொன்னாள். சரிம்மா, விளையுற வரைக்கும் எதைத் தின்ன என்றேன். அது வேற பிரிவு ஐயா, அவங்க அடுத்த மாசம் வருவாங்க என்கிறாள். வயிறு என்ன அலுவலகமா, பிரிவு பிரிவாகப் பசிக்க?

டிராக்டருக்கு டீசல் இல்லை, எல்லாவற்றையும் சண்டை குடித்துவிட்டது. விதைப்புக்கான மழையோ இன்னும் பத்து நாள்தான் இருக்கும். அதற்குள் விதை மண்ணில் விழாவிட்டால் அடுத்த வருஷமும் வரிசைதான். அதனால் ஊரைக் கைவேலைக்குக் கூட்டும் நஃபீர் அழைப்பை விடுத்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் நான் கொடுத்த குரல் எத்தியோப்பிய எல்லை வரை கேட்டதாம். நாற்பது பேர் குழி குத்தும் கம்போடு வந்து நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது, நஃபீர் கூப்பிட்டவன்தானே சோறு போட வேண்டும்! வீட்டில் இருந்த ஒரே தானியம் அந்தச் சிவப்பு மூட்டை.

உன் சித்தி இடுப்பில் கைவைத்து, ஏன்யா, ஊரையே கூப்பிடத் தொண்டை இருந்துச்சே, உலையில போட என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டியா என்றாள். பக்கத்து வீட்டுத் தைஃபூர் வேறு, என்ன பாபிகிரு, இன்னைக்கு வாய்ச்சவடால் குழம்பா என்று இளித்தான். எவனோ ஒருவன், நல்லாக் கழுவுனா மருந்து போயிரும்ணே என்றான். எனக்கும் ஒரு கணம் சபலம் தட்டியது. உடனே சித்தி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு, கழுவுறதுன்னா முதல்ல என்னைக் குளிப்பாட்டி கஃபன் துணி சுத்திட்டு அப்புறம் எடு என்றாள்.

பிறகு அவளே பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். கார்த்தூமிலிருந்து தப்பி வந்தவர்கள் அங்கே பொதுச் சமையல் வைத்திருக்கிறார்கள், நாளுக்கு ஒரு வேளைப் பருப்பு. உச்சி வெயிலில் பருப்பு அண்டாவைச் சுமந்துகொண்டு வந்தார்கள், முன்னால் அந்தச் சமையலை நடத்தும் சல்வா டீச்சர். அண்ணே, அறுப்புல எங்க அடுப்புக்கு எத்தனை மூட்டை என்று கேட்டாள். நூறு என்று வாய் திறந்தேன், சித்தி முறைத்தாள், விளைச்சலில் பாதி என்றேன். டீச்சர் மேலாடையை இடுப்பில் செருகிக்கொண்டு தானும் ஒரு கம்பை எடுத்தாள். பொழுது சாய்வதற்குள் கடைசி மூலையும் விதைத்தாயிற்று.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சாப்பிடவில்லை என்று எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

மூட்டை கட்டிக்கொண்டு கெய்ரோவுக்கு வாருங்கள் என்று மாதாமாதம் எழுதுகிறாய். எப்படியம்மா வருவேன்? பாதி வயல் என்னுடையது இல்லையே. முளை விரல் உயரம் வந்துவிட்டது. களையெடுக்க மறுபடி நஃபீர் கூப்பிட வேண்டும். இந்தத் தடவை உலையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒலிபெருக்கியைத் தொடுவேன்.

வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. அல்லாஹ் உன் அடுப்பை அணையாமல் வைக்கட்டும்.

உன் சித்தப்பா,
பாபிகிர்