கடுக்காய்க் கிளையில் மஞ்சள் முடிச்சு

ஜூன் 14

காலையிலிருந்து சாரல். போன்சாய்க்கென்று நட்ட கடுக்காய்க் குச்சி நாற்பதையும் நர்சரித் தொட்டியிலிருந்து பிடுங்கி எறிந்தேன். அடியெல்லாம் கறுத்து அழுகல். ஒன்றில்கூட வேர் இல்லை. மூன்றாவது வருஷம் இது.

சரோஜா காபி கொண்டுவந்து வைத்தாள். "அத்திக் குச்சிய சும்மா குத்துனாக்கூடத் தழையுதுங்க. அத வளத்தா போன்சாய் ஆகாதுங்களா?" முப்பது வருஷம் கூடவே இருந்தவள் கேட்கிற கேள்வியா இது? அழுகின குச்சிகளைக் கூட்டி அள்ளினேன். காபியும் ஆறிவிட்டது.

குச்சி வேலைக்கு ஆகாது. மறுபடியும் பதியம்தான்: கிளையை மரத்தில் இருக்கும்போதே வேர்விட வைத்து அறுப்பது. சேர்வராயன் கோயில் பக்கம் ஒற்றையடிப் பாதையில் நிற்கிற கிழட்டுக் கடுக்காய் மரம். அடிமரம் முழுக்கப் பொந்து. உயிரோடு இருப்பது ஒரே கிளை. மணிக்கட்டுப் பருமன், காற்று வளைத்த வளைவு, பட்டையில் வெடிப்பு. தொட்டியில் இறக்கினால் நூறு வருஷ மரம் மாதிரியே நிற்கும். அடுத்த பெருங்காற்றுக்கு அந்த மரம் தாங்காது. அதற்குள் கிளையை இறக்கியாக வேண்டும்.

ஜூன் 16

பதியம் போட்டாச்சு. இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, வேர்ப் பவுடர் தடவி, ஈரப்பாசி வைத்து, பிளாஸ்டிக் தாள் சுற்றி, மேலும் கீழும் இறுக்கிக் கட்டு. நின்று நின்று முட்டி போச்சு.

போன வருஷம் இதே மரத்தில் வேறு இரண்டு கிளையில் போட்டது இரண்டும் நாசம். ஒன்றைக் குரங்கு பிய்த்தது. இன்னொன்றை டூர் வந்த பயல்கள், உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கக் கிழித்தார்கள். கிளை இரண்டும் காய்ந்தே போயின. அதனால் இந்தத் தடவை ஒரு வேலை செய்தேன். பழைய மஞ்சப்பையைக் கிழித்துக் கட்டின் மேல் சுற்றினேன். நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. சாமி காரியம் என்று நினைத்தால் எவனும் கை வைக்க மாட்டான். குரங்குக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜூலை 9

வாங்க வேண்டியது: மெழுகு, ரம்பத்துக்கு பிளேடு, பி.பி. மாத்திரை.

மூடுபனி. மரத்துக்குப் போனேன். என் கட்டின் மேல் புதிதாக இரண்டு முடிச்சு. மஞ்சள் துணியில் காசு வைத்து யாரோ வேண்டிக் கட்டியது. சிரிப்பு வந்தது. கட்டட்டும். சம்பளமில்லாத காவல்.

ஜூலை 27

பதினொரு முடிச்சு. ஒரு வளையல். இதெல்லாம் போகட்டும், கட்டின் மேல் பால் ஊற்றியிருக்கிறார்கள். பால்! பாசி புளித்தால் வேர் எங்கே வரும்? அங்கேயே நின்று கத்தினேன். கேட்க ஆள் இல்லை, மரத்தைப் பார்த்துக் கத்தினேன்.

பாதையில் வந்த ஒருவர், "ஏனுங்க, இது எந்தச் சாமிங்க?" என்றார். "சாமியும் இல்ல பூதமும் இல்ல, பதியம் போட்டிருக்குது" என்றேன். தலையாட்டிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுப் போனார். பொட்டு வைத்த கையை என்ன சொல்ல.

ஆகஸ்ட் 24

வேர்!

துணியை லேசாக விலக்கிப் பார்த்தேன். தாளின் கீழ் ஓரத்தில் வெள்ளையாக இரண்டு. மூன்று வருஷத்துக்கு அப்புறம். கண் கலங்கிவிட்டது, சத்தியமாக. ஓடிவந்து சரோஜாவிடம் சொன்னேன். "சரிங்க, சோறு ஆறுது" என்றாள்.

இன்னும் இரண்டு வாரம். அதற்கு மேல் விட்டால் வேர் உள்ளேயே சுருண்டு வீணாகும்.

செப்டம்பர் 7

வெயில். ரம்பத்தோடு போனால் மரத்தடியில் பொன்னி. நான் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தபோது காப்பிப் பழம் எடுத்தவள். புருஷன் மாரி மிளகு பறிக்கையில் சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து, ஏழு மாதமாகத் தொழிலாளர் லைன் வீட்டில் படுக்கை.

"ரைட்டரய்யா, நீங்களும் வேண்டிக்கிட்டீங்களா?"

எத்தனை நாள்தான் மறைப்பது. "பொன்னி, இது சாமியில்ல. நாந்தான் கட்டுனேன். உள்ள வெறும் பாசி. வேர் உட்டிருக்குது. அறுத்து ஊட்டுக்குக் கொண்டு போறேன்."

"பொட்டு வெச்சிருக்குதுங்களே?"

"அதுவும் நாந்தான்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். கை நீட்டித் துணிக்கட்டைத் தொட்டாள். "என்ர முடிச்சு இதுல இருக்குதுங்க. நெனச்சது நடக்காம அவுக்கக் கூடாதுங்க. முந்தாநேத்துத்தான் செவுத்தப் புடிச்சு எந்திரிச்சு நின்னாரு."

ரம்பத்தைக் கீழே வைத்தேன். கடைசியில் அவளேதான் சொன்னாள்: "முடிச்சோடவே கொண்டு போங்க. ஆனா காப்பாத்திப்போடுங்க."

நான் அறுக்க, அவள் கிளை கீழே விழாமல் தாங்கிப் பிடித்தாள்.

வீட்டில் பிரித்தால் மூன்றே வேர். மூன்றும் ஒரே பக்கம். இவ்வளவு தடித்த கிளைக்கு இது எந்த மூலைக்கு? முடிச்சு எதையும் அவிழ்க்கவில்லை. துணியை அடியில் மட்டும் கத்தரித்து மேலே தள்ளிவிட்டு நட்டேன். இலையில் பாதியைக் கிள்ளினேன். நிழலில் வைத்தாச்சு. ஆடக் கூடாது, அசையக் கூடாது.

செப்டம்பர் 12

காலை ஏழு மணிக்கே வாசலில் நாலு பெண்கள். கையில் கற்பூரம். பொன்னி சொல்லியிருப்பாள். "இது நர்சரி, கோயில் இல்ல, போங்கம்மா" என்று கத்தினேன். ஒருத்தி, "பாத்துட்டுப் போயிடறோமுங்க, நொம்ப தூரத்துல இருந்து வாரோம்" என்று கெஞ்சினாள்.

சரோஜா எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தாள். "வந்தவங்கள வெரட்டறதுக்கா ஊடு கட்டுனோம்?" என்று எனக்குத்தான் ஏச்சு. காபி குடித்து முடிப்பதற்குள், நான் பார்க்காத நேரத்தில் தொட்டியில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். தலையில் அடித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 19

இலை வாடல். உதிர்ந்தது ஆறு. தண்ணீர் அதிகமா? குறைவா? மஞ்சள் தண்ணீரா? மூன்று வேருக்கு இந்தக் கிளை பெரிது, அன்றே பாதியாக வெட்டியிருக்க வேண்டும். வெட்டினால் அந்த வளைவு போயிருக்கும். பேராசை. வேறென்ன.

பொன்னி நேற்றும் வந்தாளாம். நான் பஜாரில் இருந்தேன். மாரி கம்பு வைத்து வாசல் வரை நடந்தார் என்று சரோஜாவிடம் சொல்லியிருக்கிறாள்.

செப்டம்பர் 23

மழை. எல்லா இலையும் கொட்டிவிட்டது. கடுக்காய் இலை உதிர்க்கிற மாதம் இல்லை இது.

பதினோரு மணிக்குப் பொன்னி. குடை இல்லை, தலையில் சாக்கு. மாரி நேற்று மறுபடியும் விழுந்துவிட்டாராம். அடி பெரிதில்லை, ஆனால் இனிக் கம்பைத் தொட மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாராம். சொல்லிக்கொண்டே வந்தவள் தொட்டியைப் பார்த்தாள்.

"ஏனுங்க, எல வேற கொட்டிப்போச்சு."

"சில சமயம் கொட்டும்."

"காப்பிச் செடியில நகத்துல கீறிப் பாப்பமுங்களே, பச்சையா இருந்தா உசுரு இருக்குதுன்னு. கீறிப் பாருங்க ரைட்டரய்யா."

எஸ்டேட்டில் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். மறுக்க வழியில்லை. அவளுக்கு முதுகைக் காட்டி நின்று நுனிக்குக் கொஞ்சம் கீழே கீறினேன். பழுப்பு.

"பச்சைங்களா?"

"பச்சைதான்" என்றேன். "போயி அந்தாள எழுப்பி உடு."

முடிச்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மழையிலேயே ஓடினாள்.

நுனி காய்ந்தாலும் அடியில் உயிர் இருக்கலாம். ஒரு சாண் கீழே கீறினால் தெரிந்துவிடும். சாயங்காலத்துக்குள் மூன்று தடவை தொட்டி வரைக்கும் போய்வந்தேன். கீறவில்லை.