தலையணைக்குள் இருந்த தாள்

தென்காசி,
11 ஜூலை 1936

பினாங்கில் இருக்கும் பரீது அண்ணன் அவர்களுக்கு, உங்கள் மனைவி நூருன்னிசாவின் சிநேகிதி ஜன்னத் ஸலாம் சொல்லி எழுதுவது.

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் கல்யாணத்தில் பெண்ணுக்கு விசிறிக்கொண்டு தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தவள் நான். அந்நிய ஆணுக்குக் கடிதம் எழுதினேன் என்று தெரிந்தால் வாப்பா என்னை உயிரோடு விடமாட்டார். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் காய்ச்சல் முழுவதும் விட்டதா? இங்கே சாரல் பிடித்துப் பத்து நாளாகிறது.

உங்கள் உம்மா எழுதச் சொல்லியிருப்பார்கள். ஈரத்தில் பூசணம் பூத்த தலையணையைப் பிரித்தபோது உள்ளே ஒரு தாள் இருந்ததாம். தமிழ் எழுத்து, ஆனால் ஒரு வார்த்தையும் புரியவில்லை. நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த சேதியும் அதே வாரம் வந்தது. ஓதிப் பார்க்கிறவர் செய்வினை என்று சொல்லித் தாளை எரித்துவிட்டார். ‘ஏட்டி, எம் மவன முடிக்கவா இந்த வீட்டுக்கு வந்தே?’ என்று உங்கள் உம்மா கேட்டு, அச்சன்புதூரிலிருந்து அவளை இங்கே அவள் வாப்பா வீட்டுக்கு வண்டியேற்றி அனுப்பிவிட்டார்கள். தலாக் சொல்லச் சொல்லி உங்களுக்குக் கடிதம் போயிருக்கிறதாம்.

அண்ணன், அது செய்வினை இல்லை. அது எங்கள் பாஷை. நானும் அவளும் உண்டாக்கியது.

ஐந்தாம் வகுப்பில் ஆரம்பித்தோம். ஐந்தருவியில் குளித்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் அருவி இரைந்துகொண்டே இருக்குமே, அதற்கு ஏன் பேர் இல்லை என்று அவள் கேட்டாள். ‘லும்பீரி’ என்று வைத்தோம். அப்புறம் நிறுத்த முடியவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டுக்குள் அடைந்த பிறகு அதுதான் எங்களுக்கு விளையாட்டு. முடிந்துபோன காரியத்துக்கு வார்த்தையின் கடைசியில் ‘வோ’, ஆசைப்படுகிற காரியத்துக்கு ‘மே’. அறுநூறு வார்த்தைக்கு மேல் இருக்கிறது. யாரையும் ஏமாற்ற இல்லை. புதிதாக ஒரு வார்த்தை கிடைத்தால் அன்றைக்கெல்லாம் சந்தோஷமாக இருக்கும், அவ்வளவுதான்.

நீங்கள் எழுதுவதெல்லாம் உம்மா பேருக்கு வருகிறது. உங்கள் மாமா சேக் தாவூது அதை எல்லோர் நடுவிலும் உரக்க வாசிக்கிறார். பதிலையும் அவரே எழுதுகிறார். ‘வீட்டில் யாவரும் சுகம்’ என்பதில் அவளும் அடக்கம். அவள் மனதில் உள்ளதை எங்கே சொல்வாள்? அதனால்தான் எங்கள் பாஷையில் எழுதி, நீங்கள் தலை வைத்த தலையணைக்குள் வைத்துத் தைத்தாள்.

அதில் என்ன எழுதினாள் என்று எனக்குச் சொல்லியிருக்கிறாள். ‘நீங்கள் கப்பலேறி ஏழு மாதம். உங்கள் உம்மா குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போடுகிறார்கள், நான் வாய் திறப்பதில்லை. உங்கள் குறட்டை இல்லாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சீக்கிரம் வாருங்கள்.’ உப்பு விஷயத்தை நான் மறைத்திருக்கலாம். ஒன்றை மறைத்தால் மற்றதையும் நம்பமாட்டீர்கள் என்றுதான் எழுதினேன்.

அவள் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். என்னால்தான். அடுத்த மாதம் கடையத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். சூனியத்துக்குக் கூட்டு என்று எனக்குப் பேர் வந்துவிடுமாம். யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். நேற்றுப் போய் எங்கள் பாஷையில் பேசினேன். புரியாதவள் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று அவள் உம்மா அழுகிறார்கள். கடையத்தார் வராவிட்டால் போகட்டும். சத்தியத்தை மீறிவிட்டேன்.

இத்துடன் ஐம்பது வார்த்தைகளும் அவற்றின் பொருளும் எழுதி வைத்திருக்கிறேன். அவளுக்கு இது தெரியாது. எந்த வார்த்தையை வேண்டுமானாலும் அவளிடம் கடிதத்தில் கேட்டுப் பாருங்கள். ஒன்று தப்பினாலும் உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள்.

ஆனால் எது எழுதினாலும் உம்மா பேருக்கு எழுதாதீர்கள். அவள் பேருக்கு, அவள் வாப்பா வீட்டு விலாசத்துக்கு எழுதுங்கள். அவளுக்கு வாசிக்கத் தெரியும். இரண்டு வரி போதும். ‘சுகமா’ என்று கேட்டால்கூடப் போதும், அண்ணன்.

அல்லாஹ் உங்களுக்குப் பூரண சுகம் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையாக நினைத்து மன்னிக்க வேண்டிய
ஜன்னத்